பாட்டுப் பெட்டி வாங்கினோம், பியூஸ் வாங்கவில்லை!
வாகனங்களில் ஸ்டீரியோ பொருத்துவோர் கவனத்திற்கு

– பெண்ணாடம் மளிகை மொத்த வணிகர் ஒருவர்

நம் இதழில் வரி பற்றியும், எடைக்கல் முத்திரை பற்றியும், வாராக் கடன் பற்றியும் பலர் எழுதுகிறார்கள். நான் எழுத வந்திருப்பது நம் கடை வாசலில் நிற்கும் லோடு வேனைப் பற்றி. அதிலும் அந்த வேனுக்குள் ஓடும் பாட்டுப் பெட்டியைப் பற்றி. "இது ஒரு விஷயமா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 600 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 40,000 ரூபாய் இழந்தவன் நான். பணம் போனது பெரிதல்ல. ஒரு பையனின் கை வெந்துபோனது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் கடையில் உட்கார்ந்தவன். மின்சாரம் படித்தவனல்ல. பட்ட பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதை, நம் வியாபாரக் கணக்கு பாஷையிலேயே சொல்கிறேன்.

நடந்தது என்ன?

2016-ஆம் வருடம், கத்திரி வெயில் சமயம். எங்கள் கடைக்கு ஒரு சிறிய லோடு வேன் உண்டு. விருத்தாசலத்திலிருந்து சரக்கு ஏற்றி வந்து, பெண்ணாடம், இறையூர், திட்டக்குடிப் பக்கத்துச் சில்லறைக் கடைகளுக்குப் போடுவோம். டிரைவர் தம்பிக்கு அப்போது 24 வயது. நல்ல பையன். "முதலாளி, ராத்திரி லோடு அடிக்கும்போது தூக்கம் வருது. ஒரு செட்டு போட்டுக்கட்டுமா?" என்று கேட்டான். நியாயம்தான் என்று தலையாட்டினேன்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு வேறு வேலையாகப் போன என் சின்ன மகன் ஒரு ஸ்டீரியோ செட், ஒரு ஆம்ப்ளிபயர், இரண்டு ஸ்பீக்கர் வாங்கி வந்தான். உள்ளூர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பொருத்துகூலி 600 ரூபாய் கேட்டார். "இரண்டு ஒயரை முறுக்குவதற்கு அறுநூறா?" என்று நான்தான் சொன்னேன். பையன்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து தாங்களே மாட்டிவிட்டார்கள். பாட்டும் கணீரென்று பாடியது. எனக்குப் பெருமை வேறு!

அந்த வேனில் பேட்டரி கேபினுக்கு வெளியே, சேஸிஸ் பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து நேரே ஒரு ஒயரை இழுத்து, தகரத்தில் இருந்த ஓட்டை வழியாகக் கேபினுக்குள் நுழைத்து ஆம்ப்ளிபயருக்குக் கொடுத்திருந்தார்கள். நடுவில் பியூஸ் இல்லை. ஓட்டையில் ரப்பர் வளையமும் இல்லை. வேன் ஓட ஓட, தகரத்தின் விளிம்பு ஒயரின் மேல் தோலைக் கத்தி போல அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

மூன்றாவது வாரம், விருத்தாசலம் சாலையில் சரக்கோடு வந்துகொண்டிருந்தபோது சீட்டுக்கு அடியிலிருந்து புகை. பின்னால் இருந்தது என்ன சரக்கு தெரியுமா? எண்ணெய் டின், தீப்பெட்டிப் பண்டல், காகிதப் பை. தம்பி வண்டியை ஓரம் கட்டி உடனே சாவியைத் திருப்பினான். என்ஜின் நின்றது, புகை நிற்கவில்லை! ஒயர் சாவி வழியாக வரவில்லையே, நேரே பேட்டரியிலிருந்து அல்லவா வருகிறது! பதற்றத்தில் ஒயரைக் கையால் பிடித்து இழுத்தான். உருகிய பிளாஸ்டிக் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது.

நல்லவேளையாக, ஆலைக்குக் கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பிய டிராக்டர்க்காரர் ஒருவர் நின்றார். தன் பெட்டியிலிருந்து 10-ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்து பேட்டரி டெர்மினலைக் கழற்றினார். சாலையோர மண்ணை அள்ளிப் போட்டு நெருப்பை அணைத்தார்கள். இன்னும் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் எண்ணெய் டின்னும் தீப்பெட்டியும் என்ன செய்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அன்றைய கணக்கு

வியாபாரி கணக்கெழுதாமல் தூங்கமாட்டான். அந்த ஸ்டீரியோ எனக்கு வைத்த செலவு இது: வேன் ஒயரிங் மாற்றியது 14,200 ரூபாய். தம்பியின் ஆஸ்பத்திரிச் செலவு 6,300. அவன் வேலைக்கு வர முடியாத 15 நாளுக்கு, நாளொன்றுக்கு 400 வீதம் சம்பளம் 6,000. அந்த 15 நாளும் வாடகை வண்டி, நாளொன்றுக்கு 900 வீதம் 13,500. ஆக மொத்தம் 40,000 ரூபாய். வரவுப் பக்கத்தில் எழுத இருந்தது மிச்சம் பிடித்த கூலி 600 மட்டும்.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். "இந்தச் செட்டை யார் பொருத்தியது? பாலிசியில் எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயில்லை. வழக்குப் பேசி வாதாடவும் எனக்கு மனமில்லை. தவறு என் பக்கம் இருந்தது.

வெறும் 12 வோல்ட்தானே!

இதுதான் எல்லோரும் சொல்வது. நானும் சொன்னேன். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்; தொட்டால் ஆளைக் கொல்லும். கார் பேட்டரி 12 வோல்ட். இரண்டு முனையையும் கையால் தொட்டாலும் ஒன்றும் செய்யாது. உண்மைதான். ஆனால் ஷாக் வேறு, சூடு வேறு.

வோல்ட் என்பது தண்ணீர்த் தொட்டியின் உயரம் மாதிரி. ஆம்பியர் என்பது குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு மாதிரி. பேட்டரித் தொட்டி உயரம் குறைந்ததுதான். ஆனால் வாய் அகலமானது. என்ஜினை ஸ்டார்ட் செய்யும் அந்த ஒரு விநாடியில் 100 ஆம்பியருக்கு மேல் கொடுப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. ஒயர் தகரத்தில் பட்டு ஷார்ட் ஆனால் அத்தனையும் அந்த ஒற்றை ஒயரில் பாயும்.

கணக்குப் பாருங்கள். 1 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.017 ஓம் தடை கொடுக்கும். 2 மீட்டருக்கு 0.034 ஓம். 12-ஐ அதால் வகுத்தால் 350 ஆம்பியர் வருகிறது. பேட்டரியின் உள்தடையால் கொஞ்சம் குறையலாம். ஆனால் அந்த ஒயர் தாங்கக்கூடியது பத்துச் சொச்சம் ஆம்பியர்தான். மேலும், கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. பத்து மடங்கானால் சூடு நூறு மடங்கு! சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரிக்கு என்று செய்யப்பட்டது. சில விநாடிகளில் அது உருகிப் பற்றிக்கொள்வதில் ஆச்சரியம் என்ன?

இந்த ஆபத்து இன்று நேற்று வந்ததல்ல. 1930-ல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் கார் ரேடியோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மோட்டோரோலா என்ற பெயர் அதற்கு வைத்ததுதான். தொடக்கத்தில் வங்கிக் கடன் கேட்கப் போனவர், வங்கிக்காரரின் மனம் குளிர அவருடைய காரிலேயே ஒரு ரேடியோவைப் பொருத்திக் கொடுத்தாராம். அரை மணி நேரத்தில் அந்தக் கார் தீப்பற்றிக்கொண்டதாம். கடனும் கிடைக்கவில்லையாம்!

சிரித்துவிட்டு விடக்கூடிய கதை அது. சிரிக்க முடியாதது ஒன்றும் உண்டு. 2023 பிப்ரவரி 2 அன்று கேரள மாநிலம் கண்ணூரில், பிரசவத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த கார் ஆஸ்பத்திரியை நெருங்கும் வேளையில் தீப்பற்றியது. பின் சீட்டில் இருந்தவர்கள் தப்பினார்கள். முன் சீட்டில் இருந்த கணவனும் கர்ப்பிணி மனைவியும் கதவைத் திறக்க முடியாமல் இறந்தார்கள். மோட்டார் வாகனத் துறையினரின் முதல் ஆய்வு ஷார்ட் சர்க்யூட் என்றே கருதியது. பிறகு வேறு கருத்துகளும் வந்தன. காரணம் எதுவாக இருந்தாலும், ஓடும் வண்டிக்குள் நெருப்பு வந்தால் நமக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு குறைவு என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

நம் பக்கத்து ஊரான விருத்தாசலத்தின் பெயர் பீங்கானுக்குப் பெயர் போனது. அங்கே பொம்மையும் ஜாடியும் மட்டுமா செய்தார்கள்? மெயின் போர்டில் மாட்டும் பீங்கான் பியூஸ் கட்டைகளும் அங்கிருந்து போயின. பீங்கான் கரண்டைக் கடத்தாது, நெருப்பிலும் எரியாது. ஆகவே உள்ளே பியூஸ் கம்பி உருகி அறுந்தாலும் நெருப்பு வெளியே வராது.

இப்படிப்பட்ட ஊருக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு, வீட்டுக்குப் பியூஸ் கட்டை வாங்கி மாட்டிய நான், வேனுக்குப் பியூஸ் இல்லாமல் ஒயர் இழுக்க விட்டேன். பியூஸ் என்பது நம் கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி. அளவுக்கு மேல் கடன் போகும்போது "இத்தோடு நிறுத்துங்கள்" என்று சொல்கிறவர். அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டு வியாபாரம் செய்தால் கடை என்ன ஆகும்?

பியூஸ் எங்கே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். பலர் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் மாட்டுகிறார்கள். அது ஆம்ப்ளிபயரைக் காப்பாற்றும், ஒயரைக் காப்பாற்றாது. பேட்டரியிலிருந்து பியூஸ் வரையுள்ள ஒயருக்குக் காவல் இல்லை. ஆகவே பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும்.

வண்டிகளில் வரும் தட்டைப் பியூஸ்களுக்கு நிறம் உண்டு. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. பியூஸ் போனால் அதே நிறத்தில் போட வேண்டும். அடிக்கடி போகிறது என்று சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையை மாட்டுவதும், சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளைச் சுற்றிச் சொருகுவதும் தற்கொலைக்குச் சமம். பியூஸ் போகிறது என்றால் எங்கோ கோளாறு என்று அது நமக்குச் சொல்கிறது என்று பொருள்.

வாட்ஸ் கணக்கும் எடைக்குறைவும்

எடையில் குறைந்தால் நமக்கு அபராதம். ஆனால் ஸ்டீரியோ அட்டைப்பெட்டியில் அச்சடிக்கும் வாட்ஸுக்கு யாரும் தராசு வைப்பதில்லை. "50 வாட்ஸ் 4 ஸ்பீக்கர், மொத்தம் 200 வாட்ஸ்" என்று போட்டிருக்கும். செட்டைத் திருப்பிப் பின்னால் இருக்கும் பியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 10 ஆம்பியர் இருக்கும். என்ஜின் ஓடும்போது வண்டியில் 14 வோல்ட் இருக்கும். 14 பெருக்கல் 10, மொத்தம் 140 வாட்ஸ். உள்ளே போவதே 140 என்றால் வெளியே 200 எப்படித் தொடர்ந்து வரும்? 10 கிலோ அரிசி போட்டு அரைத்தால் 15 கிலோ மாவு வராது அல்லவா? அட்டையில் போட்டிருப்பது ஒரு கண நேர உச்சம். பியூஸ் சொல்வதுதான் நிஜமான எடை. ஒயர் வாங்குவதற்கு அதையே கணக்கில் கொள்ளுங்கள்.

பொதுவாக, 10 ஆம்பியருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 20 ஆம்பியருக்கு 2.5, 30 ஆம்பியருக்கு 6 என்று வைத்துக்கொண்டால் பயமில்லை. பெரிய ஆம்ப்ளிபயர் 60 ஆம்பியர் இழுக்குமானால் 16 சதுர மில்லிமீட்டர் வேண்டும். பியூஸ் எப்போதும் ஒயர் தாங்குவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஒருநாளும் கூடுதலாக இருக்கக்கூடாது.

எலக்ட்ரிகல், ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தாமிர முலாம் பூசிய அலுமினிய ஒயர் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. பார்ப்பதற்குத் தாமிரம் போலவே இருக்கும். இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். கையில் எடுத்தாலே கனம் காட்டிக் கொடுத்துவிடும். தாமிரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல்தான் இருக்கும். கரண்டைக் கடத்துவதும் தாமிரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. அதைத் தாமிரம் என்று சொல்லி விற்காதீர்கள். அலுமினியம் என்றே சொல்லி, ஒரு சைஸ் கூடுதலாக எடுக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் வண்டி எரிந்தால் நம் பில் அல்லவா அதற்குச் சாட்சி?

வீட்டு வேலைக்கு வரும் கெட்டியான ஒற்றைக் கம்பி ஒயரும் வண்டிக்கு ஆகாது. குலுங்கிக் குலுங்கி ஒடிந்துபோகும். பல இழை கொண்ட, சூடு தாங்கும் ஆட்டோ ஒயரையே கேட்டு வாங்க வேண்டும்.

தாங்களே பொருத்துகிறவர்கள் செய்ய வேண்டியவை

எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் (ஆம், நான் 600 ரூபாய்க்குத் திருப்பியனுப்பிய அதே பெரியவர்) பிறகு எனக்குப் பொறுமையாகச் சொன்னவை இவை.

1. முதலில் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். வேலை முடிந்த பிறகு கடைசியாக அதை மாட்டுங்கள். பாசிடிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்ட மாத்திரத்தில் பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பொறி பட்டால் பேட்டரி வெடிக்கக்கூடும். மோதிரம், கைச்சங்கிலி, வாட்ச் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

2. செட்டில் மஞ்சள் ஒயர் நிரந்தர கரண்டுக்கு. நேரம், ஸ்டேஷன் நினைவு வைத்துக்கொள்ள. சிவப்பு ஒயர் சாவி வழியாக வரும் கரண்டுக்கு. கறுப்பு எர்த். பெரும்பாலான செட்டுகளில் இதுதான் முறை. ஆனாலும் செட்டில் ஒட்டியுள்ள படத்தைப் பார்க்காமல் தொடாதீர்கள். மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து பேட்டரிக்குக் கொடுத்தால், சாவியை எடுத்த பிறகும் செட் விழித்துக்கொண்டிருக்கும். காலையில் பேட்டரி படுத்திருக்கும்.

3. எர்த் ஒயரைப் பெயிண்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் இறுக்கமாக முடுக்குங்கள். தளர்ந்த எர்த்தும் சூடாகும்.

4. ஸ்பீக்கர் ஒயர் இரண்டில் எதையும் பாடியில் எர்த் செய்யாதீர்கள். கேசட் காலத்துப் பழைய செட்டுகள் சிலவற்றில் அப்படிச் செய்வதுண்டு. இன்றைய செட்டுகளில் செய்தால் உள்ளே இருக்கும் ஐ.சி. எரிந்துவிடும்.

5. தகரத்தின் வழியே போகும் ஒவ்வொரு ஒயருக்கும் ரப்பர் வளையம் போடுங்கள். விலை பத்து இருபது ரூபாய்தான். என் வேனைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அதுதான்.

6. ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது போதாது. நம் ஊர்க் கத்திரி வெயிலில் மூடிக் கிடக்கும் கேபினுக்குள் டேப்பின் பசை உருகி அவிழ்ந்துவிடும். கிளிப் வைத்து நசுக்கி, அதன் மேல் சூடு காட்டினால் சுருங்கும் குழாயைப் போடுங்கள். முடிந்தவரை வண்டியின் ஒயரை வெட்டாமல், அந்தந்த வண்டிக்குக் கிடைக்கும் கப்ளர் சாக்கெட்டை வாங்கி மாட்டுவதே நல்லது.

7. மஞ்சள் நிற உறையோ மஞ்சள் சாக்கெட்டோ ஏர்பேக்குக்கு உரியதாக இருக்கலாம். அதைத் தொடவே கூடாது. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயம். அப்படிப்பட்ட வண்டிகளில் தெரிந்தவரிடம் விடுவதே புத்திசாலித்தனம்.

8. லாரி வைத்திருப்போர் கவனிக்க: பெரிய லாரிகள் 24 வோல்ட். 12 வோல்ட் செட்டை நேரே கொடுத்தால் எரிந்துபோகும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பதும் தவறு. ஒன்று வற்றிப்போக, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகி இரண்டுமே கெடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வைக்க வேண்டும்.

புகை வந்தால்?

வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்தி, எல்லோரும் இறங்கி விலகிவிட வேண்டும். ஒயரைக் கையால் பிடித்து இழுக்கக்கூடாது. கைக்கு எட்டி, நெருப்பும் இல்லையென்றால் மட்டும் பேட்டரி முனையைக் கழற்றலாம். இதற்காகவே எங்கள் வேன் டிரைவர் சீட்டுக்கு அருகில் ஒரு 10-ஆம் நம்பர் ஸ்பேனரும், ஒரு சிறிய பவுடர் தீயணைப்பானும் இப்போது நிரந்தரமாக இருக்கின்றன. நெருப்புப் பெரிதானால் சரக்கைப் பார்க்கக்கூடாது. ஆளைப் பார்க்க வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு 101.

இன்ஷூரன்ஸ் விஷயத்தையும் மறக்காதீர்கள். கம்பெனியிலிருந்து வரும்போது இல்லாமல் பிறகு நாம் பொருத்தும் மின்சாதனங்களைப் பாலிசியில் தனியாக எழுதச் சொல்ல வேண்டும். 2002-ஆம் வருட இந்திய மோட்டார் கட்டண விதிகளில் இதற்கென்றே 24-ஆம் எண் குறிப்பு உண்டு. சாதனத்தின் மதிப்பில் நூற்றுக்கு 4 கூடுதல் பிரீமியம் என்று அதில் வைத்திருந்தார்கள். உங்கள் ஏஜெண்டிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். செட் வாங்கிய பில்லையும் பொருத்திய பில்லையும் ஆர்.சி. நகலோடு சேர்த்து வையுங்கள்.

முடிவாக ஒன்று

டிரைவர் தம்பி இன்றும் எங்களிடம்தான் இருக்கிறான். உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது. சாப்பிட உட்காரும்போது அந்தக் கையை இலையருகே பார்த்தால், "இரண்டு ஒயரை முறுக்குவதற்கு அறுநூறா?" என்று கேட்ட என் குரல் எனக்கே கேட்கும். நம்மிடம் வேலை செய்கிறவன் நம் வண்டியில் காயப்பட்டால், சட்டப்படியும் மனசாட்சிப்படியும் பொறுப்பு நம்முடையதுதான். அவன் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது.

வேனில் இன்றைக்கும் பாட்டு ஓடுகிறது. பெரியவர்தான் பொருத்தினார். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பியூஸ் இருக்கிறது. கூலி 600 கேட்டார். 1,000 கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்று 400-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் வருடத்தில் ஒருநாள், கோடை தொடங்குமுன், உறுப்பினர்களின் வண்டிகளை ஓரிடத்தில் நிறுத்தி, தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து ஒயரிங்கைப் பார்க்கச் செய்தால் என்ன? செலவு ஒரு டீ, வடை கணக்குத்தான் ஆகும். எங்கள் ஊரில் அடுத்த கூட்டத்தில் இதை நான் எழுப்பப் போகிறேன். அதற்குள் நீங்கள் இந்த இதழை மூடி வைத்துவிட்டு வாசலுக்குப் போய், உங்கள் வண்டி பேட்டரியிலிருந்து புறப்படும் ஒயர்களை ஒருமுறை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். பியூஸ் இல்லாத ஒயர் ஒன்று கண்ணில் பட்டால், நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.